கார் உடலின் உட்குழித் துருத்தடுப்பு

கார் உடலின் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு, எண்ணெய் அல்லது கொழுப்பைச் செலுத்தித் துருவைத் தடுக்கும் முறை உட்குழித் துருத்தடுப்பு எனப்படுகிறது. பழைய கார்களைப் பேணுவோருக்கு இது தவிர்க்க முடியாத வேலை. ஆனால் இத்தேவை காரோடு பிறந்ததன்று. காரின் கட்டமைப்பு மாறியபோது உருவானது.

தொடக்ககாலக் கார்களில் சேசிஸ் எனும் தடித்த எஃகுச் சட்டமே பாரத்தைத் தாங்கியது. உடல் அதன்மேல் பொருத்திய கூடு மட்டுமே. கூடு துருப்பிடித்தாலும் பெரும்பாலும் தோற்றத்துக்குத்தான் கேடு. இத்தாலியின் லான்சியா லாம்ப்டா (1922), பிரான்சின் சிட்ரோயன் டிராக்சன் அவாண்ட் (1934) ஆகியவை உடலையே பாரம் தாங்கும் கட்டமைப்பாக மாற்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வமைப்பு ஐரோப்பாவில் பரவியது. 1948-ல் வந்த மோரிஸ் மைனர், 1959-ல் வந்த மினி இரண்டும் இவ்வகையே. இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையும் அப்படித்தான்.

சேசிஸ் இல்லாத காருக்கு வலிமை தருபவை, மெல்லிய தகடுகளை மடித்து, ஓரங்களை ஸ்பாட் வெல்டிங்கால் இணைத்து உண்டாக்கிய பெட்டிகள். கதவுகளுக்குக் கீழே ஓடும் வாசற்படிப் பெட்டி அவற்றுள் முக்கியமானது. கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீரும், சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிரில் உள்ளே படியும் ஈரமும் இப்பெட்டிகளில் சேர்கின்றன. நீர் வடியத் துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிடும். இரு தகடுகள் ஒட்டி நிற்கும் இடுக்குதான் இன்னும் மோசம். அது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆலையில் தெளித்த பெயின்டும் அங்கே எட்டுவதில்லை. இதனால் வெளியே பளபளக்கும் கார் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது.

நிலைமையைக் கெடுத்தது உப்பு. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் வழக்கத்தை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-ல் சோதித்துப் பார்த்தது. போருக்குப் பின் குளிர்நாடுகள் பலவற்றில் அது வழக்கமாயிற்று. உப்பு நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டித் துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகிறது, ஈரத்தையும் உலரவிடாது.

முதலில் கைகொடுத்ததாக நம்பப்பட்டது தார் கலந்த அண்டர் கோட்டிங். அது காரின் அடிப்புறத்தை மட்டுமே மூடியது. நாளடைவில் இறுகி வெடித்து, வெடிப்புக்குள் நீரைப் பிடித்து வைத்ததால் சில இடங்களில் துருவுக்கே துணைபோனது. பெட்டிகளின் உட்புறத்துக்கு அதனால் எப்பயனும் இல்லை.

டெட்ராய்டில் வாழ்ந்த ஜெர்மானிய மெக்கானிக் கர்ட் சீபார்ட்டின் முறை 1959-ல் வணிகமாயிற்று. உடலில் துளையிட்டு, நீண்ட குழல்முனையை நுழைத்து, பாதுகாப்புப் பொருளை உள்ளே தெளித்து, துளையை மூடியால் அடைப்பதே அது. சுவீடனில் டினிட்ரால், பிரிட்டனில் வாக்ஸாயில் போன்ற பொருள்கள் இதே வேலைக்குப் புகழ்பெற்றன. வாகனத் தகுதிச் சோதனைகளும் துருவைக் கண்டிப்புடன் நோக்கின. பிரிட்டனின் சோதனையில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் உள்ள பாரம் தாங்கும் பகுதி துருவால் வலுவிழந்திருந்தால் கார் தேறாது. அரித்துப்போன வாசற்படியின் மேல் புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்கும் டிங்கரிங் தந்திரமும் உண்டு. விபத்து நேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் உள்ளே அமர்ந்திருப்பவரே.

ஆலைகள் மெதுவாகவே விழித்தன. உடலை முழுதாகத் தொட்டியில் மூழ்கச் செய்து மின்னோட்டத்தால் பிரைமர் படியவைக்கும் முறையை ஃபோர்டு 1960-களில் புகுத்தியது. போர்ஷே 911-இன் 1976 மாடலிலிருந்து துத்தநாகம் பூசிய எஃகு வந்தது. வோக்ஸ்வாகன் 1980-களில் சூடான மெழுகால் உட்குழிகளை நிரப்பி வடித்தது. அவற்றுக்கு முந்திய கார்களின் நலம் உரிமையாளர் கையில் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பழைய காருக்கு எது சிறந்தது என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. கரைப்பானில் கலந்த மெழுகு தெளிக்க எளிது. காய்ந்தபின் தடித்த துருவுக்குள் அதிகம் ஊடுருவாது. சூடாக்கித் தெளிக்கும் கொழுப்பு, வெயில் நாளில் மீண்டும் இளகி இடுக்குகளுக்குள் நகர்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தரையில் சொட்டும். ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் சார்ந்த எண்ணெய் நன்கு பரவும். மறுபடி மறுபடி அடிக்க வேண்டும். எதுவும் தின்னப்பட்ட இரும்பைத் திருப்பித் தராது.

வேலையின் வரிசை முக்கியம். வெல்டிங் முதலில் முடிய வேண்டும். மெழுகு தீப்பற்றும், வெப்பத்தில் பூச்சும் எரிந்துபோகும். பின்பு வடிகால் துளைகளைத் திறந்து, உட்புறத்தைச் சேறு போகக் கழுவி, நாள்கணக்கில் உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் மெழுகு அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்படும். மேலே தெளித்தது கீழ்த்துளைகள் அனைத்திலும் சொட்டத் தொடங்கினால் அடிப்பகுதி முழுவதற்கும் அது எட்டியதாகக் கொள்ளலாம். சொட்டு நின்றதும் துளைகளைக் கம்பியால் மறுபடி குத்தித் திறந்துவிட வேண்டும்.