எருமைநாக்கும் தோட்டத் தமிழரும்

வட அட்லாண்டிக், வட பசிபிக் ஆகிய குளிர்கடல்களின் அடித்தரையில் ஹாலிபட் என்னும் தட்டைமீன் வாழ்கிறது. இரு கண்களும் உடலின் ஒரே பக்கத்தில் அமைந்த இம்மீன், மணலோடு மணலாய்ப் படுத்துக் கிடந்து இரைமீது பாயும் இயல்புடையது. 200 கிலோவுக்கு மேல் வளர்வதும் உண்டு. அலாஸ்காவிலும் நார்வேயிலும் படகமர்த்திச் சென்று, கனத்த ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை ஆழத்தில் இறக்கி இதனுடன் மல்லுக்கு நிற்பதைப் பெரும் விளையாட்டாகப் போற்றுவர்.

மலாக்கா நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் இந்த ஹாலிபட் வாழ்வதில்லை. ஆயினும் 'இந்திய ஹாலிபட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு தட்டைமீன் இங்குண்டு. உருவில் சிறியதே, ஆனால் அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்ட வேட்டைமீன். மலாய்மொழியில் தட்டைமீன்களைப் பொதுவாக 'ஈக்கான் செபெலா', அதாவது ஒருபக்க மீன், என்பர். அறிவியலார் இதற்கு இட்ட பெயர் 'செட்டோடஸ் எருமெய்'. அப்பெயரின் பிற்பகுதி நம் எருமையே!

தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியார், சோழமண்டலக் கரையின் மீன்களைப் பெர்லினில் வாழ்ந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பிவந்தார். 1799இல் பிளாக் மறைந்தபின், 1801இல் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட நூலில் தரங்கம்பாடியின் இம்மீனும் இடம்பெற்றது. மீனவர் வாயில் வழங்கிய 'எருமைநாக்கு' இலத்தீன் ஏட்டில் ஏறிய வரலாறு இது.

தரங்கம்பாடிக்குச் சற்றுத் தெற்கே நாகப்பட்டினம். அத்துறையிலிருந்தே பின்னாளில் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மலாயாவுக்குக் கப்பலேறினர். கங்காணியின் பின்னே நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வந்தோருள் பெரும்பாலோர் உள்நாட்டு உழவர். ஏரியும் வாய்க்காலும் அறிந்தவரேயன்றி அலைகடல் அறிந்தவரல்லர். லிங்கி, சிலியாவ், சுவா பெத்தோங் தோட்டங்களிலிருந்து போர்ட்டிக்சன் கடல் தொலைவிலில்லை. சிரம்பானிலிருந்து அவ்வூருக்கு 1891இலேயே புகைவண்டியும் ஓடியது. ஆனால் அக்கடற்கரை துரைமாரின் ஓய்விடம். பால்வெட்டி முடித்தவன் நாடியது தோட்டத்து ஓடையையே. மண்புழு கோத்த தூண்டிலில் சிக்கிய விராலும் கெளுத்தியும் லயத்து அடுப்பில் குழம்பாயின. கடல்மீனோ அவனுக்குக் கருவாடாகவே அறிமுகம். துரை தூண்டிலிட்டால் விளையாட்டு. தொழிலாளி தூண்டிலிட்டால் கறிச்செலவு மிச்சம் என்றே உலகம் கணக்கிட்டது.

1923இல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் உடன்படிக்கை செய்து, ஹாலிபட்டுக்குக் குளிர்காலத்தில் மூன்று மாதப் பிடிதடை விதித்தன. மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டக் கோவை பிறந்ததும் அதே ஆண்டில்தான். மீனுக்குக் கிடைத்த மூன்று மாத ஓய்வு பால்வெட்டுக்காரனுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. இளைஞர் பலர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். எஞ்சியோர் ஓடையில் பிடித்த மீன் அந்நாளில் உயிர்காக்கும் உணவு.

அந்த ஓடைகளுக்கும் கேடு வந்தது. பாலை உறையவைக்கும் அமிலம் கலந்த ஆலைக் கழிவும், பின்னர்ச் செம்பனை ஆலைக் கழிவும் நீரில் கலந்தன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ்ச் செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் இரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் விதிகளும் பிறந்தன. அதற்குள் விரால் துள்ளிய ஓடைகள் பலவற்றில் நுரையே மிதந்தது. தூண்டிலைத் தூக்கியவர்கள் பேருந்தேறிப் போர்ட்டிக்சனுக்குச் செல்லலாயினர்.