உழைப்புக்கு உண்டு, வாக்குக்கு இல்லை

இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களைத் தாங்கியது குடும்பங்களின் கூலியில்லா உழைப்பு. அதைத் தாராளமாக வாங்கிக்கொண்ட கழகங்கள், உழைத்தவர்களுக்கு நிர்வாகத்தில் இடம் தர மறுத்தன. பல கழகங்கள் பிறந்ததே தேவாலயச் சமூகங்களில்தான். எவர்டன் 1878-இல் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்திலிருந்து கிளம்பியது. மான்செஸ்டர் சிட்டியின் வேர், மேற்கு கோர்ட்டனின் புனித மாற்கு ஆலயம். அங்கே தொழிலாளர்களுக்காகக் கூட்டங்களைத் தொடங்கியவர் போதகரின் மகள் அன்னா கானல். அந்த ஆலயத்து ஆட்களே 1880-இல் பந்தாட இறங்கினார்கள். சிறு ஊர்க் கழகங்களில் இந்த உழைப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது. சனிக்கிழமை ஆட்டம்; திங்கட்கிழமை ஆங்கிலேய வீடுகளின் துவைப்பு நாள். வாஷிங் மெஷின் இல்லாத காலத்தில் சேறு அப்பிய பதினொரு தடித்த பருத்திச் சட்டைகளை அண்டாவில் கொதிக்கவைத்து, பலகையில் தேய்த்து, உருளையில் பிழிந்து, அடுத்த சனிக்குள் உலர்த்தியாக வேண்டும். எந்த வரவுசெலவுக் கணக்கிலும் இது ஏறவில்லை.

1920 டிசம்பரில் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே கால்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அரை நூற்றாண்டு நீடித்த தடை அது. தேநீர் போடவும் சட்டை துவைக்கவும் மட்டும் அவர்களுக்குத் தடை இல்லை! ரசிகர்களின் நிலையும் இதுவே. 1927-இல் உருவான ரசிகர் மன்றங்களின் கூட்டமைப்பு, உதவுவோம், இடையூறு செய்யமாட்டோம் என்பதையே தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. அந்த மன்றங்கள் குலுக்கல் சீட்டு விற்றும் விருந்து நடத்தியும் பணம் திரட்டின. லீக் கழகங்களின் பார்வையாளர் மேடைகளுக்குக்கூட அந்தப் பணத்தில் கூரை எழுந்தது. நுழைவுக் கட்டணமே பெரிய கழகங்களுக்குப் போதுமாக இருந்தது என்பார்க்கு அந்தக் கூரைகளே பதில்.

பாசத்தால் செய்ததை உழைப்பென்று எடைபோடுவது அதைக் கொச்சைப்படுத்துவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், உழைத்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கழக இயக்குநர்களும் 1981 வரை சம்பளம் வாங்கக் கூடாதென்றே விதி இருந்தது. அவர்களும் சும்மாதான் உழைத்தார்கள், அதிகாரமோ அவர்கள் கையில் இருந்தது. ஆகவே குறை கூலியில் இல்லை, முடிவெடுப்பதில் பங்கு இல்லாததில். 2002-இல் விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்சுக்கு மாற அனுமதி கிடைத்தபோது, அதன் ரசிகர்கள் சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி, அதை உறுப்பினர் அறக்கட்டளை ஒன்றின் கையில் வைத்தார்கள். அங்கே பெருந்தொகை கொடுத்தவருக்கும் ஒரே வாக்கு. ஆட்ட நாளில் வாசலில் நின்று வேலை பார்க்கும் உறுப்பினருக்கும் ஒரே வாக்கு. ஒன்பதே ஆண்டில், 2011-இல், அந்தக் கழகம் ஃபுட்பால் லீக்கில் நுழைந்தது.