இரட்டைத் துவக்கம்

இரட்டைத் துவக்கம் என்பது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் முறை ஆகும். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டையும் ஒருங்கே நிறுவுவதே இதன் பரவலான வடிவம். ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம் மட்டுமே இயங்கும். மற்றதற்கு மாறக் கணினியை மீளத் துவக்க வேண்டும். ஒவ்வோர் இயங்குதளமும் கணினி முழுவதும் தனக்கே உரியது என்ற எடுகோளுடன் வடிவமைக்கப்படுகிறது. இம்முறையில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த எடுகோளிலிருந்தே தோன்றுகின்றன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு மாணவர் பலர் இம்முறையை அறிந்தது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக ஆகும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தின் கீழ் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஆதரிக்கும் இயங்குதளம் ஆகும்.

வாகன, மின்னணு ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பணிபுரிய விரும்பும் மாணவருக்கு இரண்டு இயங்குதளங்களின் பயிற்சியும் உதவும். வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ், ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நிரலாக்கும் சீமென்சின் டி.ஐ.ஏ. போர்ட்டல் ஆகியவை விண்டோசில் இயங்குபவை. எந்திரன்களுக்கான ரோஸ் என்னும் திறமூல மென்பொருள் தொகுதியோ உபுண்டு லினக்சையே முதன்மைத் தளமாகக் கொண்டது. ஒரே ஒரு கணினி வைத்திருக்கும் மாணவருக்கு அதில் நேரும் பழுது, செயல்திட்டக் கோப்புகளின் இழப்பாகவும் முடியலாம்.

சிக்கல்கள்

துவக்கப் பதிவு அழிதல்

பழைய பயாஸ் முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் முதன்மைத் துவக்கப் பதிவு எனப்படும். இதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும் உரியவை. லினக்சின் க்ரப் என்னும் துவக்க ஏற்றி இவ்விடத்தில் அமர்ந்து, எந்த இயங்குதளம் வேண்டும் எனப் பயனரைக் கேட்கிறது. பின்னர் விண்டோசை மீள நிறுவினால், அது தன் நிரலை அதே இடத்தில் எழுதிவிடும். அதன்பின் கணினி நேராக விண்டோசிலேயே துவங்கும். லினக்ஸ் அழிந்துவிட்டது எனப் பலர் கருதுவதுண்டு. உண்மையில் அழிந்தது அதற்குச் செல்லும் வழி மட்டுமே. லினக்ஸ் குறுவட்டிலிருந்து கணினியைத் துவக்கி க்ரப்பை மீள நிறுவினால் பழைய நிலை திரும்பும்.

பிரிவுகளின் எல்லை

பிரிவு அட்டவணையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே இடமுண்டு. தயாரிப்பாளரே நான்கையும் பயன்படுத்தியிருந்தால் லினக்சுக்கு இடமிராது. அந்நிலையில் விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியில் ஐந்தாவது பிரிவை உருவாக்க முயன்றால், வட்டை 'டைனமிக்' வகைக்கு மாற்ற ஒப்புதல் கேட்கப்படும். ஒப்புதல் அளித்தால் லினக்சை நிறுவுவது மேலும் கடினமாகும்.

கோப்பு முறைமை

லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை விண்டோஸ் தானாக வாசிப்பதில்லை. அப்பிரிவைத் திறக்க முயன்றால், வட்டை வடிவூட்ட வேண்டும் என்ற செய்தி தோன்றக்கூடும். இதற்கு இசைந்தால் அப்பிரிவிலுள்ள கோப்புகளை இழக்க நேரிடும்.

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் விரைவுத் துவக்க வசதி உள்ளது. கணினியை அணைத்தபோதும் விண்டோசின் கருப்பகுதி முழுமையாக மூடப்படாமல், உறக்கநிலையில் வட்டில் சேமிக்கப்படுகிறது. அவ்வேளையில் லினக்சிலிருந்து விண்டோஸ் பிரிவில் வலிந்து எழுதினால் கோப்புகள் சிதைய வாய்ப்புண்டு.

கடிகாரம்

தாய்ப்பலகையிலுள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கிறது; லினக்ஸ் வழமையாக அதனை ஒருங்கிணைந்த அனைத்துலக நேரமாகக் கொள்கிறது. இந்தியாவில் இவற்றின் வேறுபாடு 5 மணி 30 நிமிடம். காலை 10 மணிக்கு லினக்ஸ் கடிகாரத்தில் 4:30 என எழுதினால், அடுத்துத் துவங்கும் விண்டோஸ் அதிகாலை 4:30 எனக் காட்டும். இணைய இணைப்பு இல்லாதபோது இப்பிழை நீடிக்கும். கோப்புகளின் நேரத்தைக் கொண்டு எதனை மீளத் தொகுப்பது என முடிவு செய்யும் மேக் போன்ற நிரலாக்கக் கருவிகள் இதனால் குழம்பும். இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றி, இரண்டும் ஒரே வழக்கைப் பின்பற்றச் செய்வதே தீர்வு.

பாதுகாப்புத் துவக்கமும் மறையாக்கமும்

யூ.இ.எஃப்.ஐ. முறையில் ஒவ்வோர் இயங்குதளத்தின் துவக்க ஏற்றிக்கும் தனிக் கோப்புறை உண்டு; ஆகவே ஒன்று மற்றொன்றை மேலெழுதுவது குறைந்தது. ஆனால் அதன் பாதுகாப்புத் துவக்க வசதி, நம்பகமான கையொப்பம் உள்ள துவக்க ஏற்றிகளையே ஏற்கும். 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, இரட்டைத் துவக்கக் கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் துவங்குவதைத் தடுத்தது. மேலும், பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கும் கணினியில் துவக்க அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அது கைவசம் இல்லையெனில் கோப்புகளைத் திறக்க இயலாது.

முன்னெச்சரிக்கைகள்

• நிறுவும் முன் கோப்புகளை வெளி வட்டில் படியெடுத்தல்.
• பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தனியே குறித்துவைத்தல்.
• விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவுதல்.
• விண்டோஸ் பிரிவை விண்டோசின் கருவியைக் கொண்டே சுருக்குதல்.
• விரைவுத் துவக்கத்தை முடக்குதல்.
• லினக்ஸ் துவங்கக்கூடிய குறுவட்டு அல்லது யு.எஸ்.பி. நினைவகம் ஒன்றை எப்போதும் வைத்திருத்தல்.

மாற்று வழிகள்

மெய்நிகர் கணினி மென்பொருளின் உதவியுடன் ஓர் இயங்குதளத்தினுள் மற்றொன்றை இயக்கலாம். ஆனால் இதற்குக் கூடுதல் நினைவகம் தேவை. 2016 முதல் விண்டோசினுள்ளேயே லினக்ஸ் கருவிகளை இயக்கும் வசதியும் உள்ளது. குறைந்த நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினிகளில், முழு வளத்தையும் ஓர் இயங்குதளத்திற்கே அளிக்கும் இரட்டைத் துவக்கம் இன்றும் பயனுள்ளது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தபின், அத்தகைய கணினிகளைப் பாதுகாப்பாகத் தொடர்ந்து பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழியாக அமைகிறது.