பூனைகளின் காதுச் சிற்றுண்ணியும் வீட்டு மருத்துவமும்

காதுச் சிற்றுண்ணி என்பது பூனை, நாய் ஆகியவற்றின் காதுக் குழாயில் வாழும் மிகச் சிறிய ஒட்டுண்ணி ஆகும். குட்டிகளிடமும் வெளியே சென்றுவரும் பூனைகளிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. காதினுள் காப்பித்தூள் போன்ற கரிய கழிவு, ஓயாத சொறிதல், தலையை உதறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். உதறுதல் கடுமையானால் காது மடலில் இரத்தம் கட்டி வீங்குவதும் உண்டு. பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றாலும் இத்தகைய கழிவு உண்டாகும் என்பதால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்தல் கூடாது. கழிவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சிற்றுண்ணி எளிதில் புலப்படும். எனவே, மருத்துவரிடம் செல்லும் முன் காதைத் துடைத்துவிட வேண்டாம்.

எண்ணெய் இடுவதால் பயன் உண்டா?

ஓரளவு உண்டு. தேங்காய் எண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் இறுகிய கழிவை இளக்கும். சிற்றுண்ணிகள் சிலவற்றை மூச்சுத் திணறச் செய்து கொல்லவும் கூடும். ஆனால் முட்டைகள் எஞ்சிவிடும். முட்டை முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 3 வாரங்கள் ஆவதால், சில நாட்கள் எண்ணெய் இட்டு அரிப்புத் தணிந்ததும் நிறுத்துவோரின் பூனைக்குத் தொல்லை மீண்டும் தோன்றுகிறது. ஆகவே எண்ணெயைத் துப்புரவுக்கு உதவும் பொருளாக மட்டுமே கொள்ள வேண்டும்.

செவிப்பறை கிழிந்திருந்தால் எந்தத் திரவமும் நடுச்செவிக்குள் இறங்கித் தீங்கு செய்யும். செவிப்பறை நலமாக உள்ளது என மருத்துவர் கூறிய பின்னரே சில துளிகள் இட்டு, காதின் அடிப்பகுதியை மெல்ல நீவி, வெளியே வரும் கழிவைப் பஞ்சால் துடைக்கலாம். காது குடையும் குச்சியை உள்ளே செலுத்தக் கூடாது. அது கழிவை மேலும் உள்ளே தள்ளும்.

இயற்கைப் பொருள் யாவும் பாதுகாப்பானவை அல்ல

காதுவலிக்குப் பூண்டு காய்ச்சிய எண்ணெய் இடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பூனைக்கு அதனைச் செய்யக் கூடாது. பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்யும் விலங்கு. காதில் இட்டது பாதத்தின் வழியே வாய்க்குச் செல்லும். பூண்டு பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் ஆகியவையும் நஞ்சாகலாம். இத்தகைய பொருள்கள் பலவற்றை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புண்ணான தோலை மேலும் எரிச்சலூட்டும். நாய்களுக்குரிய பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்தானது. இது வீட்டு மருத்துவம் அன்று எனினும், கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் பலர் பயன்படுத்திவிடுகின்றனர்.

சிகிச்சை

செலாமெக்டின், மாக்சிடெக்டின் முதலியவற்றை மருத்துவர் பரிந்துரைக்கலாம். கழுத்தின் பின்புறத் தோலில் இடும் துளி மருந்தாக இவை கிடைக்கின்றன. அளவு பூனையின் எடையைப் பொறுத்தது. வீட்டிலுள்ள பிற பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே வேளையில் சிகிச்சை அளிக்க வேண்டும். மனிதருக்கு இது தொற்றுவது அரிது.

பூனை தலையை ஒருபுறமாகச் சாய்த்தாலோ, தள்ளாடி நடந்தாலோ, காதில் சீழும் துர்நாற்றமும் இருந்தாலோ எண்ணெய் எதுவும் இடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும்.