வருங் குளிரும் சென்ற கோடையும்

மார்கழிப் பனியையே பெருங்குளிராகக் கருதும் நாடுகளில் தோட்டக்காரன் அஞ்சுவது வரட்சிக்கும் வெள்ளத்துக்குமே. ஐரோப்பியத் தோட்டக்காரனின் அச்சம் வேறானது. இலையுதிர்காலம் முடியுமுன் அவன் பல முடிவுகளை எடுத்தாக வேண்டும். சாடிகளில் வளரும் தோடை மரங்களை எப்போது உள்ளே கொண்டு செல்வது, எவற்றை வைக்கோலாற் போர்த்துவது, எவற்றை வெட்டவெளியில் விடுவது, விறகு எவ்வளவு சேர்ப்பது என்பன யாவும் வரப்போகும் குளிரின் கடுமையைப் பொறுத்தவை. குளிர் தணிந்து வருமாயின் உழைப்பும் விறகும் வீணாகும். கடுமையாக வருமாயின் இருபது ஆண்டுகள் பேணி வளர்த்த மரம் ஓரிரவிற் பட்டுப்போகும். எனவே, குளிரை முன்கூட்டியே அறியும் வேட்கை தோட்டக்கலையோடு உடன்பிறந்தது எனலாம். அவ்வேட்கை எவ்வழிகளிற் சென்றது, எங்கே திசை மாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிரின் குறிகளை எழுத்தில் வைத்தோருள் கிரேக்கர் முற்பட்டவர். அரிஸ்ரோட்டிலின் மாணாக்கரும் தாவர நூலாசிரியருமான தியோபிராஸ்ரசின் பெயரால் வழங்கும் வானிலைக் குறிகள் பற்றிய நூலிலும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அராற்றஸ் இயற்றிய வானியற் காவியத்திலும் ஒரு செய்தி பொதுவாகக் காணப்படுகின்றது. என்றும் பசுமையான ஒருவகை ஓக் மரம் அளவு மீறிக் காய்த்தால் கடுங்குளிர் தொடரும் என்பதே அது. கிரேக்க மொழியில் குளிர்காலத்தையும் புயலையும் ஒரே சொல் குறிக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அச்சொல்லாற் சொல்லப்பட்ட எதிர்வுகூறல் பொய்ப்பது அரிது. குளிர் வராவிடினும் ஒரு புயலாவது வந்தே தீரும்.

இதே நம்பிக்கை இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வேலிச் செடிகளைப் பற்றி நிலவியது. ஹோதோண் என்னும் முட்செடியும் காட்டு ரோசாவும் செந்நிறக் கனிகளை நிறையத் தாங்கி நின்றால் வரும் குளிர் கொடியதாகும் என்றனர். பறவைகள் பட்டினியால் மடியாதிருக்க இறைவன் முன்கூட்டியே உணவு அளிக்கின்றான் என்பது அவர்கள் கூறிய விளக்கம். பிரான்சிஸ் பேக்கன் 1626இல் மறைந்தபின் வெளிவந்த அவருடைய இயற்கை வரலாற்று நூலில் இந்நம்பிக்கை இடம்பெறுகின்றது. பேக்கன் அதனை எள்ளி நகையாடவில்லை. இறையருள் என்ற விளக்கத்தைக் கூறியபின் இயற்கைக் காரணம் ஒன்றையும் அவர் முன்வைக்கின்றார். முந்திய கோடையின் வெப்பக் குறைவும் ஈர மிகுதியுமே கனிகளைப் பெருக்குகின்றன. அவ்வீரமே கலையாது தங்கிப் பின்னர் குளிரையும் விளைவிக்கின்றது என்பது அவர் கருத்து. அவ்விளக்கத்தின் இரண்டாம் பகுதியை இன்றைய வானிலையியல் ஏற்காது. ஆயினும் முதற்பகுதியில் ஒரு பெரும் திருப்பம் உள்ளது. கனியின் காரணத்தை வருங்காலத்தில் தேடாது சென்ற காலத்திற் பேக்கன் தேடினார். ஒரு செடி எவ்வளவு காய்க்கும் என்பதைப் பூக்கும் காலத்து உறைபனியும், மகரந்தச் சேர்க்கையும், கோடையின் நிலையும், முந்திய ஆண்டின் விளைச்சலுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. வேலியிற் பழுத்த கனி, நடந்து முடிந்தவற்றின் பதிவேடு. அதனை மக்கள் நடக்கப்போவதன் அறிவிப்பாக வாசித்தனர்.

அறிவிப்பை விட்டுப் பதிவேட்டை நாடிய மாற்றத்தை யோன் ஈவ்லினின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். இலண்டனை அடுத்த டெற்போட்டில் சேய்ஸ் கோட் என்னும் புகழ்பெற்ற தோட்டத்தை அமைத்தவர் அவர். மாதந்தோறும் தோட்டத்திற் செய்யவேண்டிய பணிகளைக் கூறும் நாட்காட்டி ஒன்றை 1664இல் வெளியிட்டார். நாட்காட்டியோ குளிர்காலங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்ற எண்ணத்தில் எழுவது. 1683ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேற் கடைத்தெருக்கள் தோன்றின. 1659இலிருந்து கணிக்கப்பட்டுள்ள நடு இங்கிலாந்தின் வெப்பநிலை வரிசையில் இன்றுவரை அதுவே மிகக் குளிர்ந்த குளிர்காலமாகும். அதன் மும்மாதச் சராசரி ஏறத்தாழச் சதம அளவையில் -1.2 பாகை.

1684 சித்திரையில் ஈவ்லின் தம் தோட்டத்தின் இழப்புகளை இலண்டன் வேத்தியற் கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். எச்செடி மாண்டது, எது ஐயத்துக்குரியது, எது தாங்கி நின்றது என அவர் வரிசைப்படுத்தினார். அக்கடிதத்தில் ஓர் ஆமையும் இடம்பெறுகின்றது. குளிர் நெருங்கும்போது மண்ணுள் தன்னைப் புதைத்துக்கொள்ளும் அவ்வாமை பல கடுங்குளிர்களைக் கடந்து வாழ்ந்தது. அம்முறை கொடிவேர் ஒன்று குறுக்கிட்டமையால் வழக்கமான ஆழத்துக்குத் தோண்ட இயலாது இறந்து கிடந்தது. குளிரின் வருகையை அது உணராமலில்லை. குளிரின் அளவுக்கு ஏற்ற ஆழம் வாய்க்காமையே அதனைக் கொன்றது. தோட்டக்காரனின் நிலையும் அதுவே. குளிர் வரும் என்பதை அனைவரும் அறிவர். அறியவேண்டியிருந்தது அதன் அளவு.

அளவை அறியும் கருவி அடுத்த நூற்றாண்டில் தோட்டங்களை வந்தடைந்தது. செல்போண் என்னும் சிற்றூரின் மதகுருவான கில்பேட் வைற் 1751இலிருந்து தம் தோட்டப் பணிகளைக் குறித்து வந்தவர். 1784 மார்கழி 10ஆம் நாள் இரவு அவருடைய வெப்பமானி பரனைற்று அளவையிற் பூச்சியத்துக்கும் ஒரு பாகை கீழே இறங்கியது. அது சதம அளவையில் ஏறத்தாழ -18 பாகையாகும். அண்மையில் உயரமான மேட்டில் அமைந்த நியூற்றனில் குளிர் இன்னும் மிகுதியாயிருக்கும் என வைற் எதிர்பார்த்தார். அங்கிருந்து வந்த செய்தியோ, ஓரிரவிலேனும் அவ்விடம் 18 பாகை வெப்பங் கூடியிருந்ததைக் காட்டியது. கருவிகளில் ஒன்று பிழையாயிருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க இரண்டையும் ஓரிடத்தில் வைத்தபோது அவை ஒரே அளவையே காட்டின. செல்போணில் லோரல் வேலிகளும் பசுமை மாறா மரங்களும் கருகின. நியூற்றனில் அதே மரங்கள் ஓர் இலையையும் இழக்கவில்லை.

அமைதியான இரவிற் கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து தாழ்நிலங்களில் தேங்குவதே இதற்குக் காரணம். நுவரெலியாவின் பள்ளங்களில் தேயிலைக் கொழுந்து உறைபனியாற் கருக மேட்டுச் செடிகள் தப்புவதும் இவ்விதியினாலேயே. வைற்றின் பதிவு குறிகூறுவோரின் அடிப்படையையே அசைத்தது. ஒரே இரவு ஒரே வட்டாரத்தில் இரு வேறு குளிர்களைத் தருமாயின், வேலிக்கனி எந்தக் குளிரைக் கூறுகின்றது?

ஆயினும் குறி பார்க்கும் வழக்கம் மறையவில்லை. 1948இல் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் கரன், கரு நிறத்துக்கிடையே செம்பழுப்புப் பட்டை கொண்ட ஒருவகை மயிர்க்கொட்டியை ஆராய்ந்தார். பட்டை அகன்றிருப்பின் குளிர் தணியும் என்ற நாட்டார் நம்பிக்கை நாளிதழ்களால் எங்கும் பரவியது. எண்ணப்பட்ட புழுக்களோ மிகச் சில. பட்டையின் அகலம் புழுவின் வளர்ச்சிப் பருவத்தையும் அது வளர்ந்த சூழலையும் பொறுத்தது. இங்கும் சென்ற காலமே வருங்காலமாக வாசிக்கப்பட்டது.

இதற்கு முன்பே ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஆணல்ட் மரத்தோட்டத்தில் வேறொரு பாதை வகுக்கப்பட்டிருந்தது. அங்கு பணிபுரிந்த அல்பிரட் றீடர் 1927இல் வெளியிட்ட மரநூலில், வட அமெரிக்காவை எட்டு வலயங்களாகப் பிரித்து, எம்மரம் எவ்வலயக் குளிரைத் தாங்கும் எனக் காட்டினார். ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1960இல் தன் வலயப் படத்தை வெளியிட்டது. ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியே அதன் அடிப்படை. இப்படம் வருங் குளிரைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. இவ்விடத்தின் குளிர் வழக்கமாக எவ்வளவு ஆழம் செல்லும் என்பதையே கூறுகின்றது. தோட்டக்காரன் கேட்டுவந்த வினாவே இவ்வாறு மாறிவிட்டது. ஈவ்லினின் இழப்புப் பட்டியலும் வைற்றின் வெப்பமானிக் குறிப்பும் இப்படத்தின் முன்னோடிகள் என்பதில் தவறில்லை.

எனினும் இப்படத்துக்கும் ஒரு குறையுண்டு. சராசரியை விடக் கொடிய குளிர் எந்த ஆண்டிலும் வரலாம். மேலும், சென்றதே வரும் என்ற நம்பிக்கை இதற்குள்ளும் மறைந்துள்ளது. 1991 முதல் 2020 வரையான பதிவுகளைக் கொண்டு 2023இல் வெளியான புதிய படத்தில், அந்நாட்டின் ஏறத்தாழ அரைப்பங்கு நிலம் முன்னதை விட வெப்பங் கூடிய அரைவலயத்துக்கு மாறியிருந்தது. கணினி வழியே குளிர்காலத்தின் பொதுப்போக்கைச் சில மாதங்களுக்கு முன் கணிக்கும் முயற்சிகளும் இன்று வளர்ந்துள்ளன. அவை தருவன நிகழ்தகவுகளே. ஒரு பள்ளத்தாக்கில் ஓரிரவு இறங்கும் குளிரை அவை சொல்லா.

வேலிக்கனியை நோக்கிக் குளிரை அளந்த முதியோரைப் பேதையர் என ஒதுக்குவது பொருந்தாது. அவர்கள் செடிகளை உற்றுநோக்கினர். கண்டதை நினைவில் வைத்தனர். பிழைத்த ஆண்டுகளையும் பலித்த ஆண்டுகளோடு சேர்த்து எழுதி வைக்காமையே அவர்கள் குறை. மாண்ட செடிகளையும் இறந்த ஆமையையும் மறைக்காது எழுதி அனுப்பிய ஈவ்லினிடமிருந்தே குளிரைப் பற்றிய நம்பத்தகுந்த அறிவு தொடங்குகின்றது.