வீட்டுச் செவிலியின் கையில் ஒரு தாள்

வீட்டிலே நோயாளி ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். பகலில் ஒரு செவிலி கவனிக்கிறார். இரவில் வேறொருவர் வருகிறார். காலையில் கொடுத்த மருந்து எவ்வளவு, கடைசியாகப் புரட்டிப் படுக்க வைத்தது எப்போது என்பதெல்லாம் இரவுச் செவிலிக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனையானால் அருகிலேயே கேட்க ஆள் உண்டு. வீட்டில் யாரைக் கேட்பது? இக்கேள்விக்கு விடைதான் 'செவிலியப் பராமரிப்புத் திட்டம்'.

1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து வணிகர் வில்லியம் ராத்போனின் மனைவி நோயுற்று இறந்தார். கடைசி நாட்களில் வீட்டிலேயே அவரைக் கவனித்தவர் மேரி ராபின்சன் என்னும் செவிலி. வசதியுள்ள நமக்கே இத்துணை பேராறுதல் தந்ததென்றால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று எண்ணிய ராத்போன், அதே செவிலியை மூன்று மாதம் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒரு மாதத்திலேயே அவர், கண்ட துயரம் தாங்காமல், விலகிக்கொள்வதாகக் கூறினார். ராத்போன் வற்புறுத்தவே தொடர்ந்தார். மூன்று மாதம் முடிந்தபோதோ பணியை விட மனமில்லை! பின்னர் ராத்போன் நைட்டிங்கேல் அம்மையாரின் யோசனைப்படி செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று அமைய உதவினார். நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே சமயத்தில் வெளிவந்த அம்மையாரின் 'செவிலியம் பற்றிய குறிப்புகள்' என்ற நூலில் ஓர் அத்தியாயம், செவிலி அருகில் இல்லாத நேரத்திலும் கவனிப்பு தடைபடாதிருக்க ஏற்பாடு வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறது. திட்டத்தின் வித்து இதுதான் என்பது என் கருத்து.

ஆனால் தாளில் எழுத அளவுகள் வேண்டுமே! அந்நாளைய மருத்துவ வெப்பமானி ஏறக்குறைய ஓர் அடி நீளம். அளவு காட்ட இருபது நிமிடம் பிடிக்கும். பாதரசத்தின் நிறை கூடினால் அது உடலின் வெப்பநிலையை எட்டவும் நேரம் கூடுமல்லவா? 1866இல் கிளிஃபர்டு ஆல்பட் என்ற ஆங்கில மருத்துவர் ஆறு அங்குல நீளத்தில், ஐந்தே நிமிடத்தில் அளக்கும் கருவியை அமைத்தார். பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் செல்லலாம். (இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

1967இல் அமெரிக்கச் செவிலியர் யூரா, வால்ஷ் இருவரும் செவிலியத்தை நான்கு படிகளாக விளக்கினர்: நிலையை மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயற்படுத்துதல், பயனைச் சரிபார்த்தல். உங்கள் வீட்டுத் தானியங்கி இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். அதிலுள்ள தெர்மோஸ்டாட்டும் வெப்பநிலையை உணர்ந்து, தேவையான அளவோடு ஒப்பிட்டு, மின்னோட்டத்தை நிறுத்துகிறது அல்லது விடுகிறது, மீண்டும் உணர்கிறது. இந்த 'மீண்டும்' இல்லாவிட்டால் சேலை கருகும். பராமரிப்புத் திட்டத்திலும் அப்படியே.

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் மெடிகேர் சட்டம் வீட்டுச் செவிலியத்துக்கு எழுத்து வடிவத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. நோய் இன்னது, மனநிலை எப்படி, உணவு, மருந்தின் அளவு, எந்தக் கருவிகள், நோயாளி எவ்வளவு நடமாடலாம், விபத்து நேராமல் என்ன பாதுகாப்பு, செவிலி எத்தனை முறை வருவார் என்பவை இன்று அதில் இடம்பெற வேண்டும். மருத்துவரோ அதற்குத் தகுதி பெற்ற உயர்நிலைச் செவிலியரோ குறைந்தது 60 நாளுக்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டும்.

நாள் முழுவதும் கவனிப்புத் தேவைப்படுவோர் கதை வேறு. அயோவா மாநிலத்தில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமி, மூளையழற்சியால் செயற்கைச் சுவாசக் கருவியை நம்பி வாழ நேர்ந்தது. மருத்துவமனையில் இருந்தால்தான் அரசு உதவி. வீட்டுக்குப் போனால் கிடையாது! வீட்டில் செலவு பல மடங்கு குறைவென்றாலும் விதி அப்படி. 1981இல் அதிபர் ரீகனே இதைச் செய்தியாளர்களிடம் சுட்டிக்காட்டியபின் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் குழந்தை வீடு திரும்பியது. அடுத்த ஆண்டிலேயே, இத்தகைய பிற குழந்தைகளுக்கும் மாநிலங்கள் உதவ வழிசெய்யும் சட்டம் வந்தது. கேட்டி வளர்ந்து, கல்லூரியில் படித்து, 34 வயது வரை வாழ்ந்தார்.