விக்னர் விளைவு

அணு உலையினுள் விரைந்து பாயும் நியூட்ரான்கள் கிராபைட்டின் கரி அணுக்களை இடம்பெயரச் செய்ய, அப்பதார்த்தத்தின் உருவும் குணமும் திரிந்து, அதனுள் ஒருவகைச் சக்தி தேங்குவதற்கு விக்னர் விளைவு என்று பெயர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜீன் விக்னர் 1942ஆம் ஆண்டிலேயே இதனை முன்னறிந்து கூறினார். ரசாயனப் பொறியியல் பயின்ற பௌதிக விஞ்ஞானியாதலால், சங்கிலித்தொடர் வினையோடு நில்லாமல், உலையைக் கட்டும் பொருளின் கதியையும் அவர் சிந்தித்தது இயல்பே.

கிராபைட்டில் கரி அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னி, அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நியூட்ரானால் மோதுண்ட அணு, எதிர்ப்பட்ட வேறு அணுக்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், முடிவில் இரண்டு அடுக்குகளின் இடையே சிக்கிக்கொள்ள, அது விட்டுச்சென்ற இடம் காலியாகிறது. இவ்வாறு இடைப்புகுந்த அணுக்கள் பெருகப் பெருக, படிகம் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் பருத்து, அடுக்குகளின் தளத்தில் சுருங்குகிறது. உஷ்ணத்தைக் கடத்தும் ஆற்றலும் குன்றுகிறது. சுமார் 250 பாகை செல்சியஸுக்கு மேல் இயங்கும் உலையில் பெயர்ந்த அணுக்கள் பெரும்பாலும் அவ்வப்போதே தம் நிலைக்கு மீண்டுவிடுவதால், சக்தி மிகுதியாகத் தேங்குவதில்லை. குளிர்ந்த உலையிலோ அது கிராமுக்கு 2000 ஜூலுக்கும் மேலாகச் சேரக்கூடும். பின்னர் சூடு சற்று ஏறினால், மீளும் அணுக்கள் வெளியிடும் உஷ்ணமே மேலும் பல அணுக்களை மீளச் செய்து, வெப்பம் கட்டுமீறி உயர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், அணுகுண்டுக்கான புளுட்டோனியம் ஆக்குவதற்கென விண்ட்ஸ்கேலில் எழுப்பிய இரு உலைகள் காற்றால் குளிர்விக்கப்பட்டவை. தேங்கிய சக்தியை வெளியேற்ற, அவற்றை இடையிடையே வேண்டுமென்றே சூடேற்றித் தணிப்பது வழக்கம். 1957 அக்டோபரில் முதல் உலையில் இம்முறையைக் கையாண்டபோது, வெப்பம் போதிய அளவு பரவவில்லை என்று கருதி, 8ஆம் தேதி மறுமுறை சூடேற்றினர். 10ஆம் தேதி, எரிபொருள் செலுத்தும் துளையின் மூடியைத் திறந்து உள்ளே நோக்கியவர்கள் யுரேனியக் கோல்கள் செந்தழலாய் ஒளிர்வதைக் கண்டனர். மறுநாள் தண்ணீர் பாய்ச்சி, காற்றையும் அடைத்த பின்னரே தீ தணிந்தது. கதிரியக்க அயோடின் படிந்த சுற்றுவட்டாரத்தில், சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கறந்த பாலைக் கொட்டிவிட நேர்ந்தது. விளைவின் தத்துவம் தெரிந்திருந்தும் இவ்விபத்து நேர்ந்ததற்குக் கருவிகளின் அமைப்பு பெரிதும் காரணம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: உலை வழக்கமாக இயங்கும்போது எவ்விடம் மிகச் சூடாகுமோ, அவ்விடங்களில் வெப்பமானிகள் பொருத்தப்பட்டிருந்தனவேயன்றி, சூடேற்றித் தணிக்கும்போது வெப்பம் உச்சமடையும் இடங்களில் அல்ல.

அவ்விரு உலைகளும் அதன்பின் இயக்கப்படவில்லை. பிற்காலத்து மின் உலைகள் உயர்ந்த வெப்பத்தில் இயங்குவதால் சக்தி தேங்கும் அபாயம் நீங்கிற்று; ஆயினும் உருத்திரிபு நீங்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் நிலையத்தில் கிராபைட் கற்கள் இதனால் வெடிப்புற்றமையால், அங்கிருந்த உலைகள் 2022 ஜனவரியோடு ஓய்வு பெற்றன.